பெரிய எழுத்தில் ஒரு கிணறு

இது 2008ஆம் ஆண்டில் நடந்தது. தொடங்கியது கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே. முடிந்தது சிதம்பரத்தில், பத்திரம் எழுதும் கடை ஒன்றின் வாசலில்.

மாடிப்படிக்குக் கீழே இருந்தது என் மகனின் பழைய கம்ப்யூட்டர். 1999இல், அவன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. பிறகு பெங்களூரில் வேலை கிடைத்து, ஒரு லேப்டாப்பும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பழையது எங்களிடம் தங்கிவிட்டது. மானிட்டர் பின்பக்கம் பானை மாதிரிப் புடைத்திருக்கும். பதினான்கு கிலோ, நானே எடை போட்டுப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டால் திரை தயாராக நான்கு நிமிடம் பத்து விநாடி ஆகும்.

நான் ஒரு சர்க்கரை ஆலையின் பண்டகசாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு பொருளை உதவாது என்று தள்ளுவதற்கு முன்னால், வேறு எங்காவது பயன்படுமா என்று மூன்று பிரிவுகளில் கேட்டாக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. ஓடுகிற ஒரு பொருள் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதலில் உறவினர்களின் தொலைபேசி எண்களை அதில் ஏற்றினேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ஆனால் யாருக்காவது பேச வேண்டுமென்றால் நான்கு நிமிடம் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் என் மனைவி பழைய நோட்டைப் பார்த்துப் பேசி முடித்துவிடுவாள். பிறகு மின்வெட்டு நேரங்களைத் தினமும் குறித்து வைத்தேன். அந்த வருடம் மின்வெட்டு ஜாஸ்தி. கரண்ட் இல்லாதபோது அந்தப் பட்டியலைப் பார்க்க முடியாது என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஒரே ஒரு பயனை என் மனைவி கண்டுபிடித்தாள். மழைக்காலத்தில் மானிட்டரின் தலையில் பாத்திரத்தை வைத்தால் தயிர் நன்றாக உறைந்தது.

பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பொட்டிய எடுத்துக்கறேன்மா. டிவி மாதிரி கீதே, அத நீங்களே வெச்சிக்குங்க."

அந்த வாரத்தில்தான் ஒரு தவறு செய்தேன். எழுத்தின் அளவைப் பதினான்கு என்று வைப்பதற்குப் பதிலாக நாற்பத்து நான்கு என்று அடித்துவிட்டேன். திரை முழுவதும் நான்கு வரிதான் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் அளவு. எதைத் தொட்டுக் கெடுத்தேனோ என்று பதறிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"குறிஞ்சிப்பாடி சித்தி நம்பர் தப்பு. கடைசில ஏழு இல்ல, நாலு."

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி போடாமல் எட்டு அடி தூரத்தில் நின்றுகொண்டு படித்திருக்கிறாள். "பரவால்லியே, இதுல எனக்கே எழுத்து தெரியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கும் அப்போது அது ஒரு வேடிக்கையாகத்தான் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து, பேத்தியின் காதணி விழாவுக்குப் பத்திரிகை வைக்கச் சிதம்பரம் போனேன். அங்கே என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு அருகில் ஒரு சந்தில் பத்தடிக்கு எட்டடியில் ஒரு கடை. முப்பத்தொரு வருடமாக அதே இடம். ஓய்வூதியம் கிடையாது, அந்தக் கடைதான் எல்லாம்.

நான் போனபோது ஒரு வீட்டு மனை விற்பனைக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரம் தட்டச்சாகி வந்திருந்தது. கையெழுத்துக்கு முன்னால் அதைப் படித்துக் காட்டுவது வழக்கம். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மச்சான் படித்தால் ஓதுவது போல இருக்கும். எங்கும் தடங்கல் இருக்காது. அந்த வேகத்துக்கும் கணீரென்ற குரலுக்குமே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தாள் எனக்கும் தெரிந்தது. வேறு வேலை இல்லாததால் வரிகளை எண்ணினேன். பக்கத்துக்கு இருபத்து நான்கு. மச்சான் பத்தொன்பதாவது வரியின் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே தாளைத் திருப்பிவிட்டார். குரல் நிற்கவில்லை. மீதி ஐந்து வரிகளும் சரியாக வந்தன. அடுத்த பக்கத்தில் மனையின் எல்லைகள். கிழக்கு, தெற்கு, வடக்கு என்று தாளில் மூன்றுதான் இருந்தன. தட்டச்சில் மேற்கு விட்டுப்போயிருந்தது. மச்சான் நான்கையும் படித்தார்.

தாளில் இல்லாத ஒரு வரி அது. கையெழுத்துப் போட ஒருவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"மச்சான், ஒரு நிமிஷம். இந்தப் பக்கம் இங்க் கொஞ்சம் ஈஷியிருக்குது. வேற பிரிண்ட் எடுத்துடலாமே" என்றேன்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அச்சுக் கடைக்கு நானே போய், விட்டுப்போன மேற்கையும் சேர்த்து எடுத்து வந்தேன்.

மதியம் சாப்பிடும்போது அவரே சொன்னார். ஒன்றரை வருடமாக இப்படித்தானாம். கண்ணில் நரம்புக் கோளாறு. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. ஓரங்கள் தெரியும், எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் புகை. எழுதச் சொல்லும்போதே விவரங்களை மனதில் வாங்கிக்கொண்டு, படிக்கும் நேரத்தில் அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு பத்திரத்தில் சர்வே எண் மாறிப்போய், மறுபடி திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஒண்ணுன்னா கை தவறிடுச்சின்னு சொல்லலாம். ரெண்டாவது வந்தா கடைய மூட வேண்டியதுதான் மாமா. கண்ணு தெரியாதவங்கிட்ட எவன் நெலத்த எழுதச் சொல்லுவான்? வெளிய தெரியக் கூடாது. அக்காகிட்ட கூட சொல்லாதீங்க."

மச்சான் மனைவி சாதத்தைப் போட்டுக்கொண்டே, "பெரிசா இருந்தா படிக்கறார் அண்ணா. பஸ் போர்டு, சுவத்துல எழுதுனதுலாம் படிச்சிடறார். தாள்ல எழுதறதுதான் முடியல" என்றாள்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு எங்கள் சமையலறை வாசல் ஞாபகம் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கம்ப்யூட்டருடன் பஸ் ஏறினேன். பெட்டியும் விசைப்பலகையும் காலடியில் கோணிப்பையில். மானிட்டர் போர்வை சுற்றி என் மடியில். திருப்பாப்புலியூர் பஸ் நிலையத்திலிருந்து சிதம்பரம் வரை வேகத்தடைகள் இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் நான் சீட்டிலிருந்து எழுந்து அதைத் தூக்கிப் பிடித்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தொடை மரத்துப்போய்விட்டது. கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்னா பெரியவரே, மடில கொழந்த மாதிரி வெச்சினு இருக்கிறீங்க?"

"கம்ப்யூட்டர்."

"இந்த சைஸ்லயா? ஓடுமா?"

"ஓடும். கொஞ்சம் மெதுவா."

"அப்ப நம்ம பஸ்ஸுக்கு சொந்தம்தான்" என்று சொல்லிவிட்டு டிரைவரிடம், "பாத்து ஓட்டுப்பா, உன் தம்பி ஏறிக்கிறான்" என்றார்.

கடையில் ஒரு மூலையைத் துணித் திரையால் மறைத்து உள்ளே வைத்தோம். யார் தட்டச்சு செய்வது என்பது என் பெரிய கவலை. நான் ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறவன். மச்சான் மனைவி, "இருங்கண்ணா" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் தமிழ்த் தட்டச்சில் ஹையர் என்கிற மேல்நிலைத் தேர்ச்சி பெற்றவள் என்பதை நாங்கள் எல்லோருமே மறந்திருந்தோம். என் மகன் போட்டு வைத்திருந்த தமிழ் எழுத்தும் அதே தட்டச்சு முறையில் இருந்தது. இருபத்தேழு வருடம் கழித்து அவளுடைய பத்து விரல்களும் தானாக இடம் தேடிப் போயின. மச்சான் திரைக்கு அரை அடியில் முகத்தை வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று முதல் அதுதான் முறை. அவள் அடிப்பாள், அவர் பெரிய எழுத்தில் பார்ப்பார், சரியானதும் எழுத்தைச் சிறிதாக்கி, ப்ளாப்பி வட்டில் போட்டு அச்செடுக்கிற கடைக்குக் கொடுத்தனுப்புவார்கள். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து வேலையை வைத்துக்கொண்டார்கள். நான்கு மாதத்தில் அறுபத்தொரு பத்திரம். ஒரு பிழை இல்லை. வாரம் ஒரு முறை தொலைபேசியில் நான் கணக்குக் கேட்டுக்கொள்வேன். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. உதவாது என்று எல்லோரும் சொன்ன பொருளுக்கு நான் வேலை கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா?

அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று. குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "ரிட்டையர்டு ஆயி என்னா சார் பண்றீங்க?" என்று கேட்டார். நான் மாடிப்படியில் ஆரம்பித்து, தயிர், வேகத்தடை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். பாயசம் வந்தபோது, "இப்ப என் மச்சானுக்கு அதுதான் சார் கண்ணு" என்று முடித்தேன். சிதம்பரம் என்றும் சொன்னேன். பத்திரக் கடை என்றும் சொன்னேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிதம்பரம் பக்கத்து நிலத் தரகர் என்பது எனக்குத் தெரியாது.

பதினாறு நாள் கழித்து மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மாமா, அந்தக் கல்யாணத்துல எத்தன பேருகிட்ட சொன்னீங்க? நீங்க எண்ணியிருப்பீங்களே."

திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகவே பேசினார். பத்து நாளாக ஒருவரும் வரவில்லை என்றார். முன்பணம் கொடுத்திருந்த இரண்டு பேர் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்களாம். "பாவம், கண்ணு தெரியலயாமே" என்று சந்தில் இருப்பவர்கள் எல்லோரும் விசாரித்துவிட்டார்களாம்.

"அக்காவும் போன் பண்ணுச்சி. அதுக்கும் தெரிஞ்சிபோச்சி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று இரவு என் மனைவி எனக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு முன்னதாகவே படுத்துவிட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது. கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் சொன்னால் எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருந்தேன்.

சந்துக்குள் திரும்பியதும் திகைத்து நின்றுவிட்டேன். கடையில் துணித் திரை இல்லை. மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் கம்ப்யூட்டரைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். சந்தில் போகிற யாரும் நின்று படிக்கலாம். எதிரே பெஞ்சில் மூன்று பேர். பரங்கிப்பேட்டை போகும் வழியில் ஒரு கிராமத்திலிருந்து வந்த பெரியவர், அவரிடம் அரை ஏக்கர் வாங்குகிற ஒரு நடுத்தர வயதுக்காரர், கல்யாணத்தில் பார்த்தவர் அல்லாத வேறொரு தரகர். பெரியவர் குடும்பம் இரண்டு தலைமுறையாக மச்சானிடமே எழுதுகிறது. ஊரில் சொன்னதைக் கேட்டும் வந்திருந்தார்.

மச்சான் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவர்களிடம் பேசினார். ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார்.

"எனக்கு நடுக்கண்ணு தெரியல. அதனால எழுத்த இவ்ளோ பெரிசு பண்ணி வெச்சிருக்கேன். இன்னிக்கி நான் படிக்கப் போறதில்ல. நீங்களே படிங்க. எங்க தப்புன்னு தோணுதோ அங்க நிறுத்துங்க. திருத்திட்டு அப்புறம் தாளுக்குப் போவோம்."

தரகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு கரண்ட் போயிடும் சார். பெருசு எழுத்துக் கூட்டிப் படிச்சி எப்ப முடிக்கிறது? நாலு எல்லைய மட்டும் பாத்துட்டு கையெழுத்தப் போடச் சொல்லுங்க."

"நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்யா" என்றார் பெரியவர். "இதுவரைக்கும் நாலு பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒண்ணுத்தையும் படிச்சதில்ல. அந்தப் பொடி எழுத்து யாருக்குத் தெரியும்?"

எழுந்து திரைக்கு முன்னால் வந்து நின்றார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். தன் பெயரையும் அப்பா பெயரையும் படிப்பதற்கே மூன்று நிமிடம் ஆனது. மச்சான் மனைவி ஒவ்வொரு நான்கு வரிக்கும் ஒரு பொத்தானை அழுத்தி நகர்த்தினாள். சந்தில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தரகர் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். பெரியவர் இன்னும் முதல் பக்கத்தில்தான் இருந்தார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நாற்பது.

இரண்டாவது பக்கத்தின் நடுவில் அவர் விரல் நின்றது. திரும்பவும் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் மெதுவாகப் படித்தார்.

"மேற்படி... நிலத்தில்... உள்ள... கிணறு, மரம்... மட்டை... சகிதம்..." என்று நிறுத்தி, மச்சான் பக்கம் திரும்பினார். "கெணறு எப்படி வந்துச்சி இதுல?"

"அது எல்லாப் பத்திரத்துலயும் வழக்கமா போடறதுதான் பெரியவரே" என்றார் தரகர்.

"வழக்கம்லாம் இருக்கட்டும். கெணத்த நான் குடுக்கலியே. மிச்சம் ஒண்ணேகால் ஏக்கரும் அந்தக் கெணத்த நம்பித்தான இருக்குது? அத எழுதிக் குடுத்துட்டு எம்புள்ளைங்க வானத்தப் பாத்துனு நிக்கறதா?"

வாங்குகிறவர் எழுந்தார். "கெணறு இல்லாம அரை ஏக்கர வெச்சிக்கினு நான் என்னா பண்றது? கெணறும் சேத்துத்தான்னு நான் நெனச்சினு இருக்கேன்."

"தண்ணி எறச்சிக்கப்பா, வேணான்னு சொல்லல. வாரத்துல மூணு நாளு உனக்கு. கெணறு என்னுது."

பேச்சு கொஞ்ச நேரம் நடந்தது. சத்தம் ஏறி, இறங்கி, கடைசியில் அப்படியே முடிவானது. மச்சான் வாயால் சொல்ல, அவர் மனைவி அந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக மூன்று வரி அடித்தாள். கிணறு பெரியவருக்கே, வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் வாங்குகிறவருக்கு, எந்த மூன்று நாள் என்பதும் எழுதப்பட்டது. இருவரும் முன்னால் வந்து, தோளோடு தோள் நின்று, அதைச் சேர்ந்தே படித்தார்கள். மீதி வரிகளையும் பெரியவர் விடாமல் படித்தார். ப்ளாப்பியை வெளியே எடுத்தபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

அவர்கள் ஜெனரேட்டர் உள்ள அச்சுக் கடைக்குப் போன பிறகு கரண்ட் போய்த் திரை கறுத்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மச்சான் அதைக் கவனிக்கவில்லை. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த வரி இருக்குதே, அத நான் தூக்கத்துல கூட சொல்லுவேன். கண்ணு நல்லா இருந்த காலத்துலயும் அதப் பாத்துப் படிச்சதில்ல. வாய் தானா ஓடும். முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தரும் அங்க நிறுத்தல. நான் ஓட்டுன வேகத்துல எப்படி நிறுத்துவாங்க?" துண்டால் திரையைத் துடைத்தார். "எத்தன கெணறு இப்படிப் போச்சோ."

அவர் மனைவி அவருடைய துண்டை எடுத்து மடித்து அவர் தோளில் போட்டுவிட்டு, "டீ சொல்லட்டுமா அண்ணா?" என்று என்னிடம் கேட்டாள். மூன்று டீ வந்தது. என் தவறைப் பற்றி அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. அவசரக்காரர்களும் தரகர்களும் அடுத்த கடைக்கே போனார்கள். ஆனால் வயதானவர்கள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கிறவர்கள், தனியாக வந்து வீட்டை விற்கிற பெண்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் யாரும் படிக்க விடாதவர்கள். வாரத்துக்கு நான்கு பத்திரம் நடந்த கடையில் இரண்டுதான் நடந்தது. அது அந்த வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. வழக்கமான அந்த வரியை மச்சான் அதற்குப் பிறகு கேட்காமல் எழுதியதே இல்லை. கிணறு உண்டா, யாருக்கு, மரம் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எழுதினார். 2012இல் மானிட்டர் அடியோடு போனபோது, அதைவிடப் பெரிய திரையாக ஒன்று வாங்கி அதே வாசலில் அதே பக்கம் பார்க்க வைத்தார்.

எனக்கு இப்போது எழுபத்தைந்து முடிந்துவிட்டது. வங்கியிலோ மருத்துவமனையிலோ ஏதாவது ஒரு தாளை நீட்டி, "வழக்கமா வாங்கறதுதான் சார், அடியில ஒரு கையெழுத்து போடுங்க" என்று யாராவது சொன்னால், பின்னால் வரிசையில் எத்தனை பேர் முணுமுணுத்தாலும், அந்தப் பெரியவரைப் போல விரல் வைத்து முழுதும் படித்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.